ஆறு வாரத்துத் தமிழ் வீடு

படிவத்தில் பதினேழாவது கேள்வி, வீட்டில் பேசும் மொழி என்ன என்பது. எதிரே இருந்த கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதினேன். அப்புறம் நடந்ததற்கெல்லாம் நேரம் சரியில்லை, கிரகம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் எழுதியது என் கை.

எங்கள் வீட்டில் தெலுங்கு. கோயமுத்தூர்ப் பக்கத்து நாயுடு வீடுகளில் பேசுகிற தெலுங்கு. எத்தனை தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஹைதராபாத்துக்காரர்கள் நாங்கள் பேசுவதைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடம், கடை, பேங்க், கோயில் எல்லாம் எங்களுக்குத் தமிழ். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் தெலுங்கு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. திட்டுவதும் எண்ணுவதும் தூக்கத்தில் உளறுவதும் மட்டும் அதில்தான்.

என் மகள் நவ்யா சரவணம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரிக்கும் இத்தாலியில் ஒரு கல்லூரிக்கும் ஓர் ஏற்பாடு. ஜூன் மாதம் அவர்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் அங்கிருந்து ஆறு பேர் வந்து, ஆறு வாரம் இங்கே வீடுகளில் தங்கி, மொழி, ஓவியம், சமையல் மூன்றும் படிப்பார்கள். அடுத்த வருஷம் இங்கிருந்து ஆறு பேர் அங்கே போய் அதே மூன்றையும் படிக்கலாம். விருந்தாளியை வைத்துக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை.

நவ்யாவுக்கு ஓவியம் என்றால் உயிர். அவளைக் கம்ப்யூட்டர் படிப்பில் பிடித்துத் தள்ளியது நானும் அவள் அப்பாவும்தான். மூன்று வருஷமாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. ஆறு வாரமாவது அவளுக்குப் பிடித்ததைப் படித்துவிட்டு வரட்டுமே என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

படிவம் வாங்கப் போனபோது, இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாளரான சாய்ப்ரியா மேடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

“போன வருஷம் ஒரு பொண்ணு மலையாளம் பேசற வூட்டுல தங்குச்சுங்க. பாதி மலையாளம் பாதி தமிழுன்னு கலந்து கத்துக்கிட்டுப் போயிருச்சு. அங்கிருந்து ஒரே கேள்விங்க. அதனால இந்த வருஷம் நல்லாத் தமிழ் பொழங்கற வூடாப் பாக்கறமுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் கோவர்தனிடம் அன்று இரவே சொன்னேன், ஆறு வாரத்துக்கு வீட்டில் தெலுங்கு கிடையாது என்று. அவர் ஃபவுண்டரி வேலை அலுப்பில் சரி சரி என்றார். நவ்யா தலையாட்டினாள். அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடுத்த அறையைப் பார்த்தோம். அங்கே என் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பெயர் சுந்தரராஜுலு. எண்பத்தொரு வயது. பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறையை ஒற்றை ஆளாக ஆரம்பித்து நடத்தியவர். தமிழில் அவரிடம் பேசி ஜெயித்த வியாபாரி கிடையாது என்பார்கள். இரண்டு வருஷமாக ஞாபகம் தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் ஊர்ப் பெயர்கள் போயின. அடுத்துத் தமிழ். யாராவது பேசினால் நன்றாகப் புரியும். பதில் சொல்லும்போது தமிழில் ஆரம்பிப்பார், பாதியில் தெலுங்குக்குள் போய்விடுவார், திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தெலுங்கில் பெண்ணே என்கிற மாதிரி ‘அம்மாயி’ என்பார். பெற்ற மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் பருப்பைத் தீய்த்து வைத்தேன். எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, பப்பு பிரமாதம் என்று இரண்டாம் தடவையும் வாங்கிப் பிசைந்து சாப்பிட்ட மனிதர்.

“தாத்தாவத் தொரத்தி உட்டுப்போட்டுத்தான் நான் இத்தாலி போகோணுமாம்மா?” என்றாள் நவ்யா.

“தொரத்தறதா? உங்க அத்தை வூடு என்ன அசலா? ஆறு வாரந்தானே” என்றேன்.

நவ்யாவுக்கும் போக வேண்டும் என்று இருந்தது. அதை வைத்து நான் அவள் வாயை அடைத்தேன்.

மாமனாரிடம் நான்தான் சொன்னேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறோம், அந்த வாடை உங்களுக்கு ஆகாது, முடிகிற வரைக்கும் கருமத்தம்பட்டியில் அக்கா வீட்டில் இருங்கள் என்று தெலுங்கில் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். சந்தன நிறம் என்றேன். நல்லது, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தானே போய்க் காரில் உட்கார்ந்தார். கருமத்தம்பட்டியில் என் நாத்தனார் ராமாமணி இருக்கிறாள். அவள் வீட்டிலும் தெலுங்குதான். அவருக்கு ஒரு குறையும் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் போட்டோவைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். படிவத்தில் வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஆறடி ஆளையே மறைத்தேன்.

வந்த பெண்ணின் பெயர் கியாரா. இருபத்திரண்டு வயது. வந்த அன்று வாசலில் நின்று, “வணக்கம் அம்மையீர், தங்கள் இல்லத்திற்கு வருகை தந்தமைக்கு மகிழ்ச்சி அடைகிறேன்” என்றாள். புத்தகத்தில் படித்த தமிழ். நவ்யா உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். மூன்றே வாரத்தில் அந்தப் பெண் “ஏனுங்கம்மா, நான் கடைக்குப் போயிட்டு வாரேனுங்க, கருவேப்பிலை வாங்கோணுமுங்களா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். காய்கறிக் கடைக்காரர் அவளிடம் மட்டும் கொத்தமல்லிக்குக் காசு வாங்குவதில்லை.

காலையில் கல்லூரியில் மொழி வகுப்பு. வாரம் இரண்டு நாள் பேரூர்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சிலைகளைப் பார்த்து வரைவார்கள். சாயங்காலம் என் சமையலறையில் சமையல் படிப்பு. அரிசிம்பருப்புச் சாதம், பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், சந்தகை என்று நான்கு பதார்த்தங்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைசிச் சனிக்கிழமை கல்லூரி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். அவளே சமைத்துப் பரிமாறி, எதை எப்படிச் செய்தாள் என்று தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு மதிப்பெண். வீட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று சாய்ப்ரியா மேடம் சொல்லியிருந்தார்.

சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போல் இருந்தது எங்களுக்கு. கோவர்தன் பேசுவதையே விட்டுவிட்டார். எங்கள் நாய் ஜிம்மிக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ரா’ என்றால் ஓடி வருகிற நாய், ‘வா’ என்றதும் என்னைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றது. ஒருநாள் சந்தகை பிழிகிற அச்சில் விரல் நசுங்கி, “சச்சிபோத்தி” என்று கத்திவிட்டேன். செத்தேன் என்று அர்த்தம். கியாரா பதறிப்போய் விரலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள்.

“அது பழைய தமிழ் கண்ணு” என்றேன்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நவ்யா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

தினமும் ஆறு மணிக்கு மாமனார் போன் செய்வார். ராமாமணி எண்ணைப் போட்டுக் கொடுப்பாள். நான் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுவேன். ஒரே கேள்விதான். “அம்மாயி, பெயிண்டு ஆயிபோயிந்தா?” முடிந்துவிட்டதா என்று. இன்னும் இல்லை மாமா, இரண்டாவது பூச்சு பாக்கி, மழை வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்று நாளுக்கு ஒன்று சொன்னேன். ஐந்தாவது வாரம், நாம் இருப்பது வீடா அரண்மனையா, இத்தனை நாளாகவா அடிக்கிறார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதையும் உடனே மறந்துவிடுகிற மனிதர் இந்தப் பெயிண்டை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. நவ்யாவுக்குக் கல்லூரியில் பிராக்டிகல் தேர்வு. கோவர்தன் ஃபவுண்டரியில் இருந்தார். பதினொன்றரைக்குச் சாய்ப்ரியா மேடம், இரண்டு பேராசிரியர்கள், இத்தாலியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், கூடப் படிக்கிற இரண்டு பேர் என்று ஆறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கியாரா என் பழைய பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இலை போட்டாகிவிட்டது. கருவேப்பிலை குறைகிறது என்று முன்பக்கத்துச் செடியில் பறிக்கப் போனாள்.

ஜிம்மி குரைக்கவில்லை. ஊளையிடுகிற மாதிரி, அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. அடுத்துக் கியாராவின் குரல் கேட்டது.

“வாங்க தாத்தா. யாருங்க வேணும்? வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டாரேனுங்க.”

கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். கார் நிறுத்துமிடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை புழுதி. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து இங்கே வர காந்திபுரத்தில் பஸ் மாற வேண்டும். தன் பிறந்த ஊர்ப் பெயரே நினைவில்லாத மனிதர், இரண்டு பஸ் மாறி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஜிம்மி அவர் காலடியில் புரண்டுகொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“அம்மாயி,” என்றார். “பெயிண்டு ஆயிபோயிந்தா?”

எனக்குப் பின்னால் சாய்ப்ரியா மேடம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இத்தாலி அம்மாள்.

“யாருங்க இவரு? தெலுங்குல என்னமோ கேட்டாராட்டம் இருக்குது, சரியாக் காதுல உழுகலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?”

எத்தனையோ பதில் இருந்தது. தூரத்துச் சொந்தம் என்றிருக்கலாம். பட்டறையில் முன்பு வேலை பார்த்தவர் என்றாவது சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். அது பொய்யானாலும் ஒரு வாய்ச் சோறாவது கிடைத்திருக்கும். என் வாயில் வந்தது வேறு.

“தெரியலீங்க மேடம். யாரோ ஆந்திராக்காரராட்ட இருக்குதுங்க. கட்டட வேலைக்கு வந்த கும்பல்ல வழி தவறிட்டாரோ என்னமோ.”

“நாய் நல்லாப் பழகுதுங்களே” என்றார் மேடம்.

“அது எல்லார்கிட்டயும் அப்படித்தானுங்க.”

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறவர் பார்ப்பது போலத்தான் இருந்தது, கோபம் தெரியவில்லை. பிறகு திரும்பி வீட்டுச் சுவரைப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன் அடித்த பச்சை. மழைக்கறை அப்படியே ஜன்னலுக்குக் கீழே வழிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு வருஷமாக ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசாதவர், கைகூப்பி, ஒரு பிசிறில்லாமல் பேசினார்.

“மன்னிச்சுக்குங்க. வழி தெரியாம வந்துபோட்டேனுங்க. கருமத்தம்பட்டிக்கு எந்தப் பஸ்ஸுங்க போகும்?”

அந்த நிமிஷம்கூட இருந்தது எனக்கு. மாமா என்று ஒரு வார்த்தை போதும். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் ஸ்டாப்புல ஏத்தி உட்டுட்டு வாரேனுங்கம்மா, பத்து நிமிஷம்” என்று கியாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஜிம்மி பின்னாலேயே ஓடப் பார்த்தது. நான் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டினேன்.

அப்புறம் உள்ளே போய் எல்லோருக்கும் நெய் ஊற்றினேன். சாதம் குழைவாக, நன்றாக வந்திருக்கிறது என்று பேராசிரியர் சொன்னார். சமைத்தவள் இல்லாத விருந்து. பத்து நிமிஷம் அரை மணியாகி, ஒரு மணி நேரமானது. கொல்லைப்புறம் போய் ராமாமணிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் அப்போது தெருத்தெருவாக அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணவருக்குப் போன் போடக் கை வரவில்லை. போட்டால் என்ன சொல்வது? வந்தவர்களுக்குப் பாயசம் கொடுத்தேன். கியாராவைக் காணோமே என்று கேட்டபோதெல்லாம் சிரித்தேன்.

மூன்று மணிக்குக் கியாரா வந்தாள். புடவைக் கொசுவம் அவிழ்ந்து ஒரு கையில் பிடித்திருந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது.

“காந்திபுரத்துல பஸ்ஸு மாறோணுமுங்களாம். தனியா உட மனசு வரலீங்க. அந்தப் பஸ்ஸுல உக்கார வெச்சு, கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்தேனுங்க” என்று மேடத்திடம் சொன்னாள். விருந்தை விட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

சாய்ப்ரியா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிடப் பெரிய மொழிப் பயிற்சி என்ன இருக்கிறது, வீட்டில் வளர்ப்பு அப்படி என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இத்தாலி அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோரும் போன பிறகு கியாரா அடுப்படிக்கு வந்தாள். அவளுக்கு எடுத்து வைத்திருந்த சாதத்தைத் தட்டில் போட்டேன். அவள் சாப்பிடவில்லை.

“டிக்கெட்டுக்குச் சில்லறை தேடறப்ப அவரு சட்டைப் பையில ஒரு சீட்டு இருந்துச்சுங்கம்மா” என்றாள். “தமிழ்ல எழுதியிருந்துச்சுங்க. நான் படிச்சேனுங்க.”

அது ராமாமணி எழுதி வைத்தது. காணாமல் போனால் உதவும் என்று அவர் பெயர், மகன் பெயர், மருமகள் பெயர், எங்கள் வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். ஆறு வாரம் அடுப்படியில் உட்கார்ந்து, மளிகைச் சீட்டையும் மசாலா டப்பாவையும் காட்டி அவளை வேகமாகப் படிக்கப் பழக்கியவள் நான்தான்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள்.

அன்று ராத்திரி ராமாமணி தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அப்பா பத்திரமாக வந்துவிட்டார், யாரோ வெள்ளைக்காரப் பெண் பஸ் ஏற்றிவிட்டாளாம் என்று. கோவர்தன் என்னிடம் வந்தார்.

“நைனா இங்க வந்தாரா?”

“நான் அடுப்படியில இருந்தேனுங்க. கியாராதான் பாத்திருக்கறா. அவளுக்கு அடையாளம் தெரியாதில்லைங்க, யாரோன்னு நெனச்சு ஏத்தி உட்டிருக்கறா” என்றேன்.

அந்தப் பழியையும் தூக்கி அந்தப் பெண் தலையில் வைத்தேன். மறுநாள் கோவர்தன் அவளிடம், பரவாயில்லை, உனக்கு எப்படித் தெரியும் என்று தேறுதல் சொன்னார். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஆமாங்க, எனக்குத் தெரியலீங்க” என்றாள்.

திங்கட்கிழமை அவள் ஊருக்குப் போனாள். அவள் போகிற வரைக்கும் நான் மாமனாரை அழைத்து வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நவ்யாவுக்கு இடம் கிடைத்தது. பட்டியல் வந்த அன்று சாய்ப்ரியா மேடம் என்னைக் கூப்பிட்டுக் கியாரா எழுதிக்கொடுத்த அறிக்கையைக் காட்டினார். அதில் இந்த வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறார்கள் என்று அவள் கையெழுத்தில், குழந்தைகள் எழுதுவது போன்ற உருண்டை எழுத்தில் இருந்தது. அந்த ஆறு பேரில் வம்சி என்று ஒரு பையனுக்கும் இடம் கிடைத்திருந்தது. அவன் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று ஏதோ ஒரு சந்தேகத்தில் கேட்டேன்.

“தெலுங்குதானுங்க. படிவத்துல ரெண்டும் பேசுவோம்னு எழுதியிருந்தாங்க. அதுக்கென்னங்க? எங்க வூட்டுலயும் தெலுங்குதானுங்களே” என்றார் மேடம், சாதாரணமாக.

ஆக, ஒன்றும் தேவைப்படவே இல்லை. யாரும் என்னிடம் கேட்காத ஒன்றுக்காக நான் அந்த மனிதரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். அன்று கல்லூரியிலிருந்து வீடு வரை நடந்து வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருப்பது போல இருந்தது.

ஆனால் அதற்கு முன்னாலேயே எனக்குத் தண்டனை ஆரம்பித்திருந்தது. கியாரா கிளம்பிய மறுநாளே கருமத்தம்பட்டிக்குப் போனேன். மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் மாமா என்று தெலுங்கில் சொன்னேன். அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

“வாங்கம்மா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார்.

ராமாமணி ஆச்சரியப்பட்டாள். “பாரு லட்சுமி, நைனாவுக்குத் தமிழு திரும்பிருச்சு” என்று சந்தோஷப்பட்டாள்.

திரும்பவில்லை. அவளிடமும் கோவர்தனிடமும் நவ்யாவிடமும் ஜிம்மியிடமும் அவர் தெலுங்கில்தான் பேசினார். என்னிடம் மட்டும் தமிழ். நான் என்ன தெலுங்கில் கேட்டாலும் பதில் தமிழில், ‘ங்க’ போட்டு, அடுத்த வீட்டு அம்மாளிடம் பேசுவது போல. ‘அம்மாயி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. டாக்டரிடம் கேட்டோம். இந்த நோயில் இப்படியெல்லாம் வரும், ஆளுக்கு ஒரு மொழி என்று மூளை பிரித்து வைத்துக்கொள்ளும், காரணம் தேட வேண்டாம் என்றார். டாக்டர் சொன்னதை நம்பத்தான் எனக்கு ஆசை.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது நவ்யா இத்தாலியில் இருக்கிறாள். வாரம் இரண்டு தடவை வீடியோவில் வருவாள். காலையில் மொழி வகுப்பு, மதியம் ஓவியம், சாயங்காலம் மாவு பிசைந்து பழகுகிறார்களாம். மாவு ஒட்டிய கையோடு முகமெல்லாம் சிரிப்பாக வருகிறாள். தங்கியிருக்கும் வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறாராம், அவர் பேசுவது அந்த ஊருக்கு மட்டுமே உரிய வேறு ஒரு பாஷையாம், வீட்டார் அவரைத்தான் முதலில் அறிமுகம் செய்தார்களாம். போனைத் தாத்தாவிடம் கொடு என்பாள். தாத்தாவும் பேத்தியும் தெலுங்கில் அரை மணி நேரம் பேசுவார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் அப்படிப் பேசி முடித்த பிறகு, அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கோணும். எங்க மருமவ ஒருத்தி இருந்தா. எங்க போனான்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். “நேனே மாமா,” என்றேன். “நான்தான் உங்கள் மருமகள்” என்று தெலுங்கில் சொன்னேன். அழுதுகொண்டே இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவர் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

“இல்லீங்கம்மா,” என்றார் மெதுவாக. “எங்க மருமவ என்னையத் தெரியாதுன்னு சொல்ல மாட்டாளுங்க.”